காணாமல் போன துணைவேந்தரும் மாத்தளையின் நிழலும்

2025 ஏப்ரல் 8ஆம் திகதி மட்டக்களப்பில் பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தன் கைது செய்யப்பட்டபோது, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சொன்ன காரணம் பலருக்கு மறந்தே போயிருந்த ஒரு பெயர்: பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் காணாமல் ஆக்கப்பட்டவர்.

கைதான சில நாட்களிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிப் பிள்ளையானுக்கு என்ன தெரியும் என்பதே தென்னிலங்கை ஊடகங்களின் கேள்வியாயிற்று. பேராசிரியர் மறுபடியும் காணாமல் போனார்.

அவர் அரசியல்வாதியல்லர், விவசாயத் துறைப் பேராசிரியர். விஞ்ஞான, விவசாய பீடங்களோடு 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. வயலை நம்பி வாழும் மாவட்டத்தில் ஒரு விவசாயப் பேராசிரியர் தலைமைக்கு வருவது இயல்பானதே. ஆனால் காலம் இயல்பாக இல்லை. 2004 மார்ச்சில் கருணா புலிகளிடமிருந்து பிரிந்த பின்னர், கிழக்கில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர்கள் வெளியேறுமாறு மிரட்டப்பட்டார்கள். பல்கலைக்கழகம் யார் கையில் இருக்கவேண்டும் என்பதும் அந்தச் சண்டைக்குள் வந்து விழுந்தது.

2006 செப்டம்பர் இறுதியில் கலை கலாசார பீடாதிபதி கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலகவேண்டும் என்பதே கடத்தியவர்களின் நிபந்தனை. சக ஆசிரியரின் உயிருக்காக ரவீந்திரநாத் விலகல் கடிதத்தைக் கொடுத்தார். பீடாதிபதி விடுவிக்கப்பட்டார். ஆனால் கடிதத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கவில்லை. கொழும்பிலிருந்தபடியே பணியைத் தொடரச் சொன்னார்கள். மட்டக்களப்பில் ஆபத்து, கொழும்பில் பாதுகாப்பு என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு எவ்வளவு பிழையானது என்பதற்கு இடத்தையும் நாளையும் பார்த்தாலே போதும். கொழும்பு 7, வித்யா மாவத்தையில் விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், டிசம்பர் முதலாம் திகதி, பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச மீது கொழும்பில் தற்கொலைத் தாக்குதல் நடந்திருந்தது. நகரின் சந்திகள்தோறும் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையில்லாமல் ஒரு தமிழர் கடைக்குப் போக முடியாத நாட்கள் அவை. அத்தகைய நகரத்திலிருந்து ஒரு துணைவேந்தரைக் கொண்டுபோக யாரால் முடியும்? கருணா குழுவை அப்போதே மனித உரிமை அமைப்புகள் சந்தேகித்தன. அந்தக் குழுவே கடத்தியது என்று வைத்துக்கொண்டாலும், சாவடிகளைக் கடக்க விட்டவர்கள் யார் என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. பிள்ளையானோடு நின்றுவிடும் விசாரணை அந்தக் கேள்வியைத் தொடாது.

இங்கேதான் மாத்தளை வருகிறது. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் இதே கோட்டாபய. ஜே.வி.பி. கிளர்ச்சி நசுக்கப்பட்ட அந்தக் காலத்தில் அங்கே நூற்றுக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் ஆக்கப்பட்டனர். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. மகிந்த ராஜபக்ச நியமித்த ஆணைக்குழுவோ 1950க்கு முந்தியவை என்று முடித்து வைத்தது. மன்னார் சதொச புதைகுழியின் எலும்புகளுக்கு ஐந்நூறு வருடப் பழமை சொல்லப்பட்டதைக் கேட்டிருந்த நமக்கு இந்தக் கதை புதிதல்ல. மாத்தளைப் பகுதியின் பழைய பொலிஸ் பதிவேடுகளை அழிப்பித்தார் என்று கோட்டாபயமீது 2023இல் மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின.

இன்றைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பிறந்ததும் அதே மாத்தளை மாவட்டத்தில், கலேவெலவுக்கு அருகிலுள்ள தேவஹுவவில்தான். மாத்தளைப் புதைகுழியில் கிடப்பவர்கள் தம் தோழர்கள் என்று அன்று நீதி கேட்டது அவருடைய கட்சி. அதே கட்சிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர தன் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவே அதைச் செய்தது என்பது பரவலான குற்றச்சாட்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வலியையும், ஒரு துணைவேந்தரின் கொலைப் பழியையும் ஒருங்கே சுமக்கும் கட்சியின் கையில்தான் ரவீந்திரநாத்தின் கோப்பு இப்போது இருக்கிறது.

கைதை வரவேற்பவர்கள் 2015ஐயும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஜோசப் பரராஜசிங்கம் கொலை வழக்கில் அப்போதும் பிள்ளையான் கைதானார். சிறையிலிருந்தே 2020 தேர்தலில் வென்றார். 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட, விடுதலையானார். இம்முறை தடுத்து வைத்தது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ். நம் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் சிறைக்குள் வைத்திருந்த அதே சட்டம். நீக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து வந்தவர்கள், சாட்சியத்தால் நிற்கவேண்டிய ஒரு வழக்கை அதன் தோளில் ஏற்றியிருப்பது நல்ல அறிகுறியல்ல. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டும். அதற்கு 2006இன் சாவடிப் பதிவுகளும் தொலைபேசிப் பதிவுகளும் புலனாய்வுப் பிரிவுகளின் கட்டளைச் சங்கிலியும் மேசைக்கு வரவேண்டும். அவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன, எவ்வளவு மாத்தளைப் பதிவேடுகளின் வழியில் போயின என்பதை அரசாங்கம் பகிரங்கமாகச் சொல்லலாம். அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை.

வந்தாறுமூலை வளாகத்தின் கணக்கில் ரவீந்திரநாத் முதல் பெயரும் அல்லர். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, அங்கே அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. பின்னாளில் ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. அதிகாரிகளின் பெயர்கள் அறிக்கையிலேயே வந்தன. வழக்கு எதுவும் வரவில்லை.