பந்தியிலே ஒரு பத்தியம்

நோயினால் உடல் படும் துன்பத்தை வைத்தியர் அறிவார். அந்நோயின் பொருட்டுப் பந்தியிலே ஒரு பெண்ணின் உள்ளம் படும் துன்பத்தை வீட்டார்தாம் அறிதல் வேண்டும். சீலியாக் என்னும் நோயைக் குறித்து இவ்வாரம் நாம் சொல்ல விரும்புவது இதுவே.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. இந்நோயுடையார் அதனை உண்ணின், உடலைக் காக்கவேண்டிய சக்தியே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கின்றது. உண்டதன் சத்து உடலிற் சேராது போகவே, இரத்தசோகை, ஓயாத களைப்பு, எலும்புத் தேய்வு முதலியன தொடர்கின்றன. இந்நோய் கண்டறியப்படுவோரில் ஆண்களிலும் பெண்களே அதிகம். ஒல்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் கரெல் டிக்கே, கோதுமையினால் வரும் தீங்கை 1950 ஆம் ஆண்டில் தமது ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார். வாழ்நாள் முழுவதும் காக்கவேண்டிய பத்தியமே இன்றும் இதற்கு மருந்து.

சோறுண்ணும் குடும்பங்களுக்கு இப்பத்தியம் பெரிதாகத் தோன்றாது. கோதுமை ரொட்டியே அன்றாட உணவாகிய பஞ்சாபில், இந்நோயுடைய மருமகளொருத்தியின் நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டாருக்கெல்லாம் மாப் பிசைந்து ரொட்டி சுடுபவள் அவள். அதில் ஒரு துண்டும் அவளுக்கு ஆகாது. மாப்படிந்த பலகையும் கல்லுங்கூட அவளுக்குப் பகை. குருத்துவாராவில் இரு கையேந்திப் பெறும் கடா பிரசாதமும் கோதுமை மாவினாற் செய்ததே. மறுத்தால் செருக்கு என்பர்; உண்டால் உடல் கெடும். மணப்பேச்சு முறிந்துவிடுமோ என்றஞ்சி நோயை மறைக்கும் பெற்றோரும் உளர். நோயை மறைத்தபின் பத்தியத்தை எங்ஙனம் வெளிப்படையாகக் காப்பது?

"ஒரு வாய் உண்டால் என்ன?" என்று அன்பினாற் கேட்போரும் உண்டு. அந்த ஒரு வாயே குடலைப் புண்படுத்தப் போதும். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கம் சொல்லிச் சலித்தவள், ஈற்றில் விருந்துக்குச் செல்வதையே விட்டுவிடுகிறாள். இந்நோயுடையாரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்து காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இத்தாலி தேசம் 2005 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. பாடசாலை, ஆஸ்பத்திரி ஆகியவற்றின் உணவுச்சாலைகளில், கேட்போருக்குக் குளூட்டன் இல்லாத உணவு வழங்கவேண்டுமென அது விதித்தது. உரிமையாகக் கிடைப்பதைக் கேட்க எவரும் கூசவேண்டியதில்லை.

அரசு சட்டத்தாற் செய்வதைக் குடும்பம் அன்பினாற் செய்யலாகாதா? பஞ்சாபிலே சோள ரொட்டிக்குக் குறைவில்லை. அதனைத் தனிக் கல்லில் முதலிற் சுட்டு வைத்தல் அரிதன்று. விருந்துக்குச் செல்லுமுன் அவளது பத்தியத்தை மாமியாரோ கணவனோ சொல்லிவைத்தால், அவள் சபையில் வாய்திறந்து கேட்கும் சங்கடம் நீங்கும். நம்மவர் வீடுகளிலும் பாண், ரவை, சேமியா மட்டுமன்றி, கடைப் பெருங்காயத்திலும் கோதுமை மா கலந்திருப்பதுண்டு. இத்தகைய விருந்தினர் வரின், சமைக்குமுன் அவரிடமே கேட்டறிதல் நலம்.

மாணவ நேயர்களே, உங்கள் தோழி கேக் துண்டை வேண்டாமென்றால் மறுமுறை வற்புறுத்தாதீர்கள். அவள் உண்ணக்கூடிய ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்து, அருகில் அமர்ந்து பேசிக்கொண்டிருங்கள்.