'தொடாதே' மருந்தறையோடு நிற்கட்டும்



கம்ப்யூட்டர் லேபில் கோளாறு வந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விட வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே கற்கும் பாடம் 'தொடாதே'. அது நியாயமான பாடம். உராய்ந்தாலே பற்றிக்கொள்ளும் மருந்து இது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் நடந்ததையும், 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் நடந்ததையும் இங்கே யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மருந்துக் கலவை அறையில் தப்பு செய்து பார்த்துப் பாடம் கற்க முடியாது.

அதே 'தொடாதே'யை லேபுக்குள்ளும் கொண்டுபோய் வைத்திருக்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெரிய சர்வர் வாங்கினார்கள். அதில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளைப் போட்டால், ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல் ஓட்டலாம். அவற்றுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைப்பது மாதிரி. புதுச் சரக்கும் இல்லை, ஐபிஎம் கம்பெனி 1972-லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இப்படி ஒன்றை வெளியிட்டுவிட்டது.

முப்பது பிள்ளைகளுக்கு முப்பது மெஷின் உருவாக்கினார்கள். 22 எழுந்தன, 8 எழவில்லை. "சார், கம்பெனி ஆளு வந்துதான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றான் பையன். ஒன்பது நாள் லேப் பூட்டிக் கிடந்தது.

முதல் நாளே ஒரு பெண் விடையைச் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் ஆண்டு மாணவி, அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். திரையில் 'நினைவகம் போதவில்லை' என்று ஆங்கிலத்தில் தெளிவாக வந்திருக்கிறது. அவள் அதைப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டாள். ஒரு மெஷினுக்கு 4 ஜிபி ரேம், முப்பதுக்கு 120 ஜிபி. சர்வரில் இருப்பதோ 96. அதிலும் ஹைப்பர்வைசர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 22 மெஷினுக்கு 88 போனால், மீதி 8 ஜிபியில் இன்னொரு மெஷினுக்கு இடமில்லை. முப்பது இலை போட்டுவிட்டு இருபத்திரண்டு பேருக்குச் சோறு வடித்த கதை. ஆளுக்கு 2 ஜிபி என்று குறைத்தால் 60-ல் முடிந்துவிடும், மாணவர் பயிற்சிக்கு அது போதும்.

"நீ கை வைக்காதம்மா, போய் உக்காரு" என்று சொல்லிவிட்டார்கள்.

பத்தாம் நாள் கம்பெனி ஆள் வந்து செய்ததும் அதேதான்.

பிறகு இன்னொரு சிக்கல். முப்பதும் எழுந்தன, ஆனால் ஒருத்திக்கு நெட் வந்தால் இன்னொருத்திக்குப் போனது. ஒரே மாதிரி மெஷினிலிருந்து நகலெடுத்ததால் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே அடையாள எண். லினக்ஸில் அதை மெஷின் ஐடி என்பார்கள். அந்த எண்ணை வைத்து எல்லாம் முகவரி கேட்டதால், எல்லாவற்றுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைத்திருக்கிறது. வகுப்பில் முப்பது பேருக்கும் ஒரே வருகைப்பதிவு எண் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த எண்ணை மாதிரி மெஷினில் காலி செய்துவிட்டு மறுபடி நகலெடுத்தார்கள். முதல் தடவை எழும்போது ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எண்ணை உண்டாக்கிக்கொண்டது. அத்தோடு தீர்ந்தது.

இரண்டுமே புத்தகத்தில் இல்லாத நல்ல பாடங்கள். இரண்டையும் பிள்ளைகள் வெளியே நின்றுகொண்டு தவறவிட்டார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவன், இன்ஜினியர் இல்லை. ஆனாலும் கோளாறு தேடுவதில் பாதி, கேள்வி கேட்கும் வரிசைதான் என்று எனக்குத் தெரியும். திரையில் என்ன எழுதியிருக்கிறது? எழுந்ததற்கும் எழாததற்கும் என்ன வித்தியாசம்? கடைசியாக எதை மாற்றினோம்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோமா? இது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லித்தரக்கூடிய ஒழுங்கு. நம் செய்முறை நோட்டில் இதற்கு ஓர் இடமும் இல்லை. சரியான விடை வந்தால் மதிப்பெண், வராவிட்டால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுது, அவ்வளவுதான்.

"சர்வர் எல்லாருக்கும் பொது, ஒரு பிள்ளை கை வைத்து மொத்தமும் நின்றுபோனால்?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். சர்வரின் முழு அதிகாரம் ஆசிரியரிடமே இருக்கட்டும். தங்கள் மெஷினை உருவாக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் பிள்ளைகளுக்குத் தனி அனுமதி கொடுக்கலாம், மென்பொருளிலேயே அந்த வசதி உண்டு. கோளாறுப் பதிவுகளைப் படிக்க விடுவதால் எதுவும் கெடாது. ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், என்ன கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். தப்பு செய்தால் உயிர் போகும் ஊரில், தப்பு செய்தால் ஒன்றும் போகாத ஓர் அறை பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பூட்டி வைப்பதா?

லேப் பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு வகுப்பில் நீங்களே வேண்டுமென்று ஒரு மெஷினைக் கெடுத்துவைத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்த வழியை எழுதினால் அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

வீட்டில் அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தால், பிள்ளைகளே, விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம்தான், போட்டுப் பாருங்கள். மெஷின் எழ மறுத்தால் பயாஸ் அமைப்பில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதும் இதுதான்: "உன் கணக்கு சரி தாயி. அடுத்த தடவை எழுதியே கொடு."