ஆபரேஷன் முடிந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். வீட்டில் யாருக்காவது கணுக்காலிலோ பாதத்திலோ ஆபரேஷன் நடந்திருந்தால் தள்ளிப்போடாமல் இப்போதே படியுங்கள்.

நம் கிணத்துக்கடவு கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில், வண்டி ஓயாத ரோட்டின் மேல் இருக்கிற ஊர். டூவீலரில் விழுந்து கணுக்கால் உடைந்தவர், தென்னையிலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கியவர் என்று விசாரித்தால் தெருவுக்கு ஒருவராவது தட்டுப்படுவார். பிளேட் வைத்து ஸ்குரூ போட்டு எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எல்லாம் நேராக இருக்கிறது. ஆனால் வருடம் ஒன்று ஆகியும் மனிதர் விந்தி விந்தித்தான் நடக்கிறார். தரையில் குந்த முடிவதில்லை. பொன்மலை வேலாயுதசாமி கோயில் படியை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்.

எலும்பு கூடிவிட்டது, கால் ஏன் கூடவில்லை? ஆபரேஷனுக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்கைக்கூட அதற்குப் பிந்தைய பயிற்சிக்கு நாம் காட்டுவதில்லை. இதுதான் என் கருத்து.

இதில் முதல் குற்றவாளி நம் வீட்டுப் பாசம். "சாமி, நீ எதுக்கு எந்திரிக்கற? பேசாமப் படுத்துக்க, நான் எடுத்துத் தாரேன்" என்று மூன்று மாதம் படுக்க வைத்துவிடுகிறோம். ஓய்வு தேவைதான். ஆனால் அசையாத மூட்டு இறுகிப்போகும். வேலை செய்யாத கெண்டைக்கால் தசை கரைந்துபோகும். கட்டுப் பிரித்த அன்று இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முன்பாதத்தை மேல்நோக்கி மடக்குகிற அசைவு குறைந்துவிட்டால் குந்துவதும் படி இறங்குவதும் சிரமம். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் எப்படியோ சமாளித்துவிடலாம். தக்காளி பறிக்கிறவரும் மாடு கறக்கிறவரும் என்ன செய்வார்கள்?

ஆபரேஷனுக்குப் பின் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து, தொழுநோயால் முடங்கிய கைகளையும் கால்களையும் சீரமைக்கும் அறுவை சிகிச்சைகளை வளர்த்தெடுத்தார். பாதம் தொங்கிப்போனவர்களுக்கு, பாதத்தை உள்பக்கம் திருப்புகிற தசையின் நாணை எடுத்து, பாதத்தைத் தூக்குகிற வேலைக்கு மாற்றிப் பொருத்துவார்கள். பொருத்திவிட்டால் மட்டும் பாதம் தூக்கிக்கொள்ளாது. பழைய வேலையை விட்டுப் புதிய வேலையைச் செய்ய அந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கத்தி செய்தது பாதி, பயிற்சி செய்தது மீதி.

அதே சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூரில் திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நமக்குத் தெரிந்த பாடம் இது.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? வாத்தியாராக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பாடம் நடத்தும் முறை சரியில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற நாளில், பில் கட்டி, மருந்து வாங்கி, கார் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு நிமிடம் சொல்கிறார்கள். கையில் கொடுக்கிற தாளில் ஆங்கிலத்தில் 'என்.டபிள்யூ.பி.' என்று மூன்று எழுத்து இருக்கும். 'காலை ஊன்றவே கூடாது' என்று அதற்குப் பொருள். அது புரியாமல் ஒருவர் மறுநாளே ஊன்றி நடக்கிறார். இன்னொருவர் ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பயந்துகொண்டு படுத்தே கிடக்கிறார். இரண்டும் கெடுதல். ஒரு முறை சொல்லிவிட்டு மணியடித்தால் அது பாடம் ஆகாது. செய்து காட்டி, செய்யச் சொல்லிப் பார்த்து, திருத்தி அனுப்ப வேண்டும்.

பயிற்சிகள் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கால் விரல்களை மடக்கி நீட்டுவது. தொடைத் தசையை இறுக்கி விடுவது. வீக்கம் வடிய, படுக்கும்போது தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்துவது. அசைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. அ முதல் ஃ வரை எழுதிப் பாருங்கள், கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும்! துண்டைப் பாதத்தில் மாட்டி மெதுவாக நம் பக்கம் இழுப்பது. புளியங்கொட்டைகளைத் தரையில் போட்டு விரல்களால் பொறுக்குவது. ஊன்ற அனுமதி கிடைத்த பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. கடைசியாக, சுவர் ஓரம் ஒற்றைக் காலில் நிற்பது. கடைசிப் பயிற்சியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடிபட்ட கணுக்கால் சமநிலையை மறந்திருக்கும், அதைத் திரும்பக் கற்றுக்கொள்ளாவிட்டால் மேடுபள்ளத்தில் மறுபடியும் பிசகும்.

ஊன்றுகோலை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

எதை எந்த வாரம் தொடங்குவது என்பது அவரவர் ஆபரேஷனைப் பொறுத்தது. அதை உங்கள் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறாவது வாரம் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. யூடியூப் பார்த்தும் ஆரம்பிக்காதீர்கள். இன்னொன்று, கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். அதோடு மூச்சுத் திணறலும் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்துப்போனவர்கள் ஒத்தடம் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும்.

இனி அரசுக்கு. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. எத்தனையோ குடும்பங்களுக்கு உதவுகிற நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அடுத்த 48 நாட்களை யார் பார்ப்பது? கால் ஊன்ற முடியாதவர் பிசியோதெரபிக்கு டவுனுக்குப் போக பஸ்ஸில் ஏற முடியாது. ஆட்டோவுக்குக் காசு வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை போவார்கள், மூன்றாவது தடவை நின்றுவிடுவார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிற ஒவ்வொருவர் பெயரும் ஆஸ்பத்திரியிலிருந்தே அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நோயாளி தேடிப் போகும்படி விடக்கூடாது. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியானாலும், எந்த வாரம் எந்தப் பயிற்சி என்று தமிழில் படத்தோடு ஒரு தாள் கொடுத்தே அனுப்ப வேண்டும். வீட்டில் ஒருவருக்கு அதைச் செய்து காட்டியிருக்க வேண்டும். இதற்கு ஆகிற செலவு ஒரு ஸ்குரூ விலைகூட வராது.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் கால் கட்டோடு யாராவது இருந்தால், ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவீர்கள் அல்லவா? போகும்போது, "டாக்டர் என்ன பயிற்சி சொன்னாருங்க, இன்னிக்குச் செஞ்சீங்களா?" என்று கேளுங்கள். சுகாதார நிலையத்துக்குப் போய் அவர் பெயரைச் சொல்லி வீட்டுப் பிசியோதெரபி கிடைக்குமா என்று விசாரித்துக் கொடுங்கள். 104க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

யாருக்காவது பயன்படும், பகிருங்கள். பிசியோதெரபி படித்த என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் பார்த்தால், விட்டுப்போனதைக் கமெண்ட்டில் சொல்லிக் கொடுங்கள் கண்ணுகளா. வாத்தியாரும் கற்றுக்கொள்கிறேன்.