மன்றாட்டில் விடுபட்ட பெயர்கள்

2017 பிப்ரவரி 13 அன்று மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் போதகர் ரேமண்ட் கோ கடத்தப்பட்டார். கிறிஸ்தவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். போலீஸ் சிறப்புப் பிரிவின் வேலை இது என்று 2019இல் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் சொன்னது. 2025 நவம்பரில் உயர்நீதிமன்றமும் அரசையும் போலீசையும் பொறுப்பாக்கியது. விடாமல் ஜெபித்தவர்களுக்கு எங்கள் வணக்கம்.

ஆனால் குகனுக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்? கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட அந்த இளைஞர் 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயாவில் தடுப்புக் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றது முதல் பிரேதப் பரிசோதனை. இரண்டாவது பரிசோதனையில் உடம்பெங்கும் அடிகாயம். 2013இல் நீதிமன்றம் 8 லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு தர்மேந்திரன், 2021இல் கணபதி என போலீஸ் பிடியில் சிக்கியவர்கள் மாண்டார்கள். இந்தப் பெயர்களை ஞாயிறு மன்றாட்டில் கேட்ட நினைவு எங்களுக்கு இல்லை. அவர்கள் நம் சபையார் இல்லையே!

நாமே சிறுபான்மை, வாயைத் திறந்தால் வம்பு என்கிறார்கள் சபையில் சிலர். 2020 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடுதான், பயம் பொய்யில்லை. ஆனால் 'ஹெரால்டு' என்ற கத்தோலிக்க இதழில் 'அல்லா' என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமைக்காக இதே திருச்சபை 2015 வரை கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்காடியது. துணிச்சல் இருக்கிறது, சொந்த வழக்குக்கு மட்டும் செலவாகிறது.

ஆள் சேர்க்கவும் தெரியாமலில்லை. பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவில் ஒவ்வொரு ஜூலையிலும் எல்லா இனத்தாரும் கூடுகிறார்கள். தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பூசை நடக்கிறது. திருவிழா முடிந்தால் அவரவர் மொழி, அவரவர் நேரம், அவரவர் துக்கம். (தமிழ்ச் சபை பெருமைப்பட வேண்டாம்: தமிழ்நாட்டின் வடக்கன்குளம் கோவிலில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது.)

பொறுத்திருங்கள் என்ற வெள்ளைக்கார மதத் தலைவர்களுக்கு 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து பதில் எழுதியவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற போதகர். அவரைப் பிரசங்கத்தில் புகழ்வது சுலபம். அவர் கேட்டது புகழை அல்ல, செயலை.

ஞாயிறு மன்றாட்டு எழுதும் அன்பர்களே, இந்த வாரம் காவலில் மாண்டவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். தமிழ்ப் பூசையில் மட்டும் போதாது, சீனப் பூசையிலும் ஆங்கிலப் பூசையிலும் வாசிக்கச் சொல்லுங்கள். யாராவது அரசியல் என்று தடுத்தால், இந்தத் தலையங்கத்தை அவர் கையில் கொடுங்கள்.