இறாத்தலுக்கு ஒரு சதம்

அரசசார்பற்ற நிறுவனம் என்று சொன்னாலே நமது தோட்டங்களில் ஒரு சிரிப்பு எழும். வேன் வரும், பேனர் கட்டுவார்கள், பகல் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த வருடம் திட்டம் முடிந்துவிட்டது என்று போய்விடுவார்கள். எல்லோரும் அப்படியல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. எனக்கும் உண்டு. அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் ஆட்டம் காண வைத்த ஓர் அமைப்பைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இமொக்கலி என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நாட்டிலேயே விளையும் தக்காளியில் பெரும்பகுதி அந்தப் பக்கத்து வயல்களிலிருந்து போகிறது. பறிப்பவர்கள் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த இந்த மக்களை அங்கே லத்தீனோ என்பார்கள். அவர்களோடு ஹெயிட்டி நாட்டவர்களும் வேலை செய்கிறார்கள். விடிவதற்கு முன்னரே ஒரு வாகனத் தரிப்பிடத்தில் கூடி நிற்பார்கள். பழைய பாடசாலை பஸ்களில் ஆட்பிடிக்கும் கொந்தராத்துக்காரர்கள் வந்து, வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். நமது பெரட்டுக்களத்தையும் பழைய பெரிய கங்காணியையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

1993ல் அங்குள்ள கத்தோலிக்கக் கோவிலின் அறை ஒன்றில் சில தொழிலாளர்கள் மாலை நேரத்தில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இமொக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு. சட்டப்படி அது இலாப நோக்கற்ற அமைப்பு. தொழிற்சங்கம் அல்ல. அதற்குக் காரணம் உண்டு. 1935ல் அமெரிக்கத் தொழிலாளருக்குச் சங்க உரிமையைப் பாதுகாத்துச் சட்டம் வந்தபோது, விவசாயத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் அதற்கு வெளியே விட்டுவிட்டார்கள். இன்றுவரை அப்படித்தான். அதே 1935ல்தான் நமது நாட்டில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதில் நமக்கு இடம் இருந்தது. கையில் இருப்பதன் பெறுமதி நமக்குத் தெரிகிறதா என்பது வேறு கதை.

அப்போதைய சம்பளக் கணக்கைப் பாருங்கள். 32 இறாத்தல் கொள்ளும் ஒரு வாளி தக்காளிக்கு 40 முதல் 50 சதம். டொலரில் சதம். ஏறக்குறைய முப்பது வருடம் இந்தக் கூலி நகரவே இல்லை. 125 வாளி பறித்தால் அது 4,000 இறாத்தல். ஐம்பது சதப்படி கணக்குப் பார்த்தாலும் கைக்கு வந்தது 62 டொலர் 50 சதம்தான். இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. வாளி விளிம்போடு நிறைந்தால் போதாது, மேலே கூம்பாகக் குவித்திருக்க வேண்டும். குவிக்காவிட்டால் அந்த வாளி கணக்கில் சேராது. அந்தக் குவியலுக்குக் கூலி கிடையாது. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று தராசில் கழிபட்டுப் போன கிலோக்களை எண்ணிக்கொண்டே லயத்துக்குத் திரும்பிய எந்தத் தாய்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அவர்களும் முதலில் நாம் செய்வதைத்தான் செய்தார்கள். 1995ல் சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். 1996ல், தண்ணீர் குடிக்கக் கேட்டதற்காக ஒரு பையனை மேற்பார்வைக்காரன் அடித்து இரத்தம் சிந்த வைத்தான். அந்த இரத்தக்கறை படிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் இரவில் அவனுடைய வீட்டுக்கே ஊர்வலம் போனார்கள். 1997 முடிவில் ஆறு பேர் முப்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பண்ணை முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. வயலை எப்படி நடத்துவது என்று டிராக்டர் வந்து விவசாயிக்குச் சொல்வதில்லையே என்று ஒரு முதலாளி கேட்டாராம்.

இதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவுதான் முக்கியம். முதலாளியிடம் கேட்டால், வாங்குகிறவன் விலையைக் குறைக்கிறான், நான் எங்கிருந்து தருவது என்கிறான். சரி, அந்த வாங்குகிறவன் யார்? பெரிய துரித உணவுக் கம்பனிகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும்தான். பேரம் பேச வேண்டிய ஆள் வயலில் இல்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 2001ல் டாகோ பெல் என்ற உணவகத்தைப் புறக்கணிக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டார்கள். கேட்டது இறாத்தலுக்கு ஒரு சதம் கூடுதல். பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் வளாகங்களிலிருந்து அந்தக் கடைகளை வெளியேற்றப் போராடினார்கள். தேவாலயங்கள் கூடச் சேர்ந்தன. 2005 மார்ச்சில் டாகோ பெல்லின் தாய்க் கம்பனி இறங்கி வந்தது. கொழும்பிலும் கண்டியிலும் நம் பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் கேஎஃப்சிக்கும் பீட்சா ஹட்டுக்கும் சொந்தக்காரக் கம்பனி அதுதான். 2007ல் மெக்டொனால்ட்ஸ், 2008ல் பர்கர் கிங், 2014ல் வோல்மார்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தத்துக்கு வந்தன. 2010 நவம்பரில் புளோரிடா தக்காளி முதலாளிகளின் சங்கமே ஒத்துக்கொண்டது.

அந்த ஒரு சதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் கருத்தில் அது இரண்டாவது விடயம். 32 இறாத்தல் வாளிக்கு 32 சதம் கூடுவது பெரிய காரியம்தான். ஆனால் கையெழுத்திட்ட கம்பனி வாங்கும் தக்காளிக்கு மட்டும்தான் அது சேரும். முதலாவது விடயம் ஒப்பந்தத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. பண்ணையில் அடிதடி, கட்டாய வேலை, பெண்களிடம் அத்துமீறல் நடந்து, அதைப் பண்ணை சரிசெய்யாவிட்டால், கையெழுத்திட்ட எந்தக் கம்பனியும் அங்கே தக்காளி வாங்கக் கூடாது. இது நன்கொடையோ வாக்குறுதியோ அல்ல, நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகக்கூடிய ஒப்பந்தம்.

இரவு பகலாக முறைப்பாடு எடுக்கும் தொலைபேசி இருக்கிறது. 2011ல் இதற்கென்றே ஒரு கண்காணிப்புச் சபை அமைத்தார்கள். அதன் தலைமைக்கு நியூயோர்க்கில் நீதிபதியாக இருந்த ஒரு பெண்மணி வந்தார். உரிமைகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, வயலிலேயே நடக்கிறது. நடத்துகிறவர்களும் தக்காளி பறித்தவர்களே. வாளியைக் குவிக்கச் சொல்வது நின்றது. வயலில் நிழலுக்குக் கூடாரம் வந்தது. முன்பு பனி காயும்வரை சம்பளமில்லாமல் காத்திருந்த நேரம் இப்போது கடிகாரத்தில் பதிவாகிறது.

இந்தக் கூட்டமைப்புக்குச் சொந்தமாக ஒரு சிறு வானொலியும் உண்டு. 2003ல் தொடங்கியது. ஸ்பானிய மொழியோடு, குவாத்தமாலா மலைகளின் பழைய மாயா மொழிகளிலும் ஹெயிட்டி மக்களின் கிரியோலிலும் பேசுகிறார்கள். 2008ல் இமொக்கலியில் தொழிலாளரை லொறிக்குள் பூட்டி வைத்து வேலை வாங்கிய இரு சகோதரர்களுக்கு ஆளுக்கு 12 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அப்படியான வழக்குகளைத் துப்புத் துலக்குவதில் பொலிசாருக்குக் கைகொடுத்தவர்கள் இந்த அமைப்பினர். ஆளுக்கு ஆள் தெரிந்திருந்தார்கள். பயந்தவன் தன் மொழியில் பேச ஒருவர் அங்கே இருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். புளோரிடாவின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட்டான பப்ளிக்ஸ் வருடக்கணக்காகக் கையெழுத்திட மறுக்கிறது. வெண்டீஸ் உணவகமும் அப்படித்தான். இந்தத் தொழிலாளரில் பலர் குடியுரிமை இல்லாதவர்கள். வாக்கு இல்லாதவன் குரலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 1948க்குப் பின் நம்முடைய பாட்டன்மார் கண்டார்கள். நாடு கடத்தப்படுவோம் என்ற பயத்தை எந்த ஒப்பந்தமும் எடுத்துவிடாது. சங்கத்தை மூடிவிட்டு இப்படி ஓர் அமைப்பைத் தொடங்குவோம் என்று யாராவது புறப்பட்டால் நான்தான் முதல் எதிரி. சங்க உரிமை மறுக்கப்பட்டவர்கள் கண்டுபிடித்த வழி இது. அந்த உரிமை உள்ளவர்கள் இதையும் கூடச் செய்யலாம் என்பதுதான் என் வாதம்.

ஆயிரம் ரூபாய்க்கு நாம் எத்தனை வருடம் கம்பனிகளோடும் அரசாங்கத்தோடும் மல்லுக்கு நின்றோம்! ஒவ்வொரு முறையும் உலகச் சந்தை விலையைத்தான் காட்டினார்கள். அந்தச் சந்தையில் இருப்பவர்களிடம் நாம் போனோமா? தக்காளியைவிட நமது காரியம் சிக்கலானது என்பது உண்மை. பெரும்பாலான தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய், வாங்கியவர் கையில் வேறு தேயிலையோடு கலந்துவிடுகிறது. ஆனால் ஏலம்வரை அது தோட்டத்தின் மார்க்கோடுதான் போகிறது. யார் வாங்கினார்கள் என்பது தரகருக்குத் தெரியும். அந்த விபரத்தைக் கேட்டு வாங்கும் வேலையைத் தலைமைக் காரியாலயம் எடுக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கொப்பி போதும். ஒரு மாதம், தினமும், கொழுந்து மடுவத்தில் யாருக்கு எத்தனை கிலோ நிறுத்தார்கள், எத்தனை கிலோ எந்தக் காரணத்துக்குக் கழித்தார்கள் என்று எழுதுங்கள். எழுதுவது கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருவராக இருக்கட்டும். தலைவர்மார் கையெழுத்தோடு அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.