டிஸ்க் சாகவில்லை, டிரைவர்தான் இல்லை

புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி வாங்கி டெஸ்க்டொப்பில் பூட்டுகிறோம். வின்டோஸ் போட ஆரம்பித்தால் டிஸ்க் காட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. உடனே நம்மிடம் ஒரு தீர்ப்பு தயார்: "டிஸ்க் போச்சு." பிறகு இன்னொரு டிஸ்க்குக்குக் காசு கொடுக்கிறோம். இல்லாவிட்டால் மெஷினையே மூலையில் தள்ளித் துணியால் மூடி விடுகிறோம்.

பாடசாலைக் கணினி அறைகளிலும் இதுதான் கதை. வெளிநாட்டில் உழைப்பவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து வாங்கித் தந்த மெஷின்கள் அவை. அமானிதப் பொருள். அதைப் பரிசோதிக்காமலேயே "பழுது" என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

விடயம் இதுதான். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல கணினிகளில் வி.எம்.டி என்ற வசதி பயோஸில் ஏற்கனவே போடப்பட்டிருக்கும். அது டிஸ்க்குக்கும் வின்டோஸுக்கும் நடுவில் நிற்கும். அதைக் கடந்து டிஸ்க்கைப் பார்க்க இன்டெல்லின் ரெபிட் ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டும். வின்டோஸ் போடும் பென்டிரைவில் அது பெரும்பாலும் இருக்காது.

வேலை பெரிதல்ல. வேறொரு கணினியில், நமது மொடலுக்குரிய உற்பத்தியாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுக்க வேண்டும். அதை விரித்து போல்டராகப் பென்டிரைவில் போட வேண்டும். டிஸ்க் பட்டியல் வெறுமையாக வரும் இடத்தில் 'லோட் டிரைவர்' என்பதை அழுத்தி அந்த போல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும். ஒரே ஒரு எஸ்.எஸ்.டிதான், ரெய்ட் தேவையில்லை என்றால், வின்டோஸ் போடுவதற்கு முன்பே பயோஸில் வி.எம்.டியை நிறுத்தினாலும் போதும்.

ஏற்கனவே வின்டோஸ் ஓடும் மெஷினில் மட்டும் அதில் சும்மா கை வைக்கக் கூடாது. நீலத்திரை வரும், மெஷின் எழும்பாது. அப்படி வந்தால் பயோஸை முன்பிருந்தபடியே மாற்ற வேண்டும். "போர்மட் அடிப்போம்" என்று பாய்வதால்தான் பிள்ளைகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் அநியாயமாகப் போகின்றன.

பழைய டெஸ்க்டொப்பில் சாட்டா எஸ்.எஸ்.டி பூட்டியும் எதிர்பார்த்த வேகம் இல்லையா? பயோஸில் ஐ.டி.ஈ என்று இருக்கிறதா என்று பார்ப்போம். ஏ.எச்.சி.ஐ ஆக்க வேண்டும். அதற்கான டிரைவர் வின்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. முதலில் எம்.எஸ்.கொன்பிக்கில் சேஃப் பூட் போட்டு, ரீஸ்டார்ட் செய்யும்போது பயோஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழும்பிய பின் அந்த அடையாளத்தை எடுத்து விட்டால் சரி. இதற்காக யாரோ ஒருவர் இணையத்தில் போட்ட 'டிரைவர் பெக்' எதையும் இறக்கத் தேவையில்லை. டிரைவரோடு விளம்பரமும் வைரஸும் சேர்ந்து வரும் வழி அது.

"இதெல்லாம் கடைக்காரர் வேலை, நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். நேர்மையான கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரியாத வாடிக்கையாளரிடம் நேர்மையாக இருப்பது எவருக்கும் ஒரு சோதனைதான். ஆகவே காசு கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "பயோஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா?" தெரிந்தால் டிஸ்க் செத்துவிட்டது என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், டிரைவரைப் பார்க்கச் சொல்வோம். தெரியாவிட்டாலும், அந்த ஸ்லொட் அந்த வகை எஸ்.எஸ்.டியை ஏற்குமா என்பதைப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

நமது பிள்ளைகள் பணிசெயல் முறைமையின் தொழில்களைப் பரீட்சையில் வரிசையாக எழுதுகிறார்கள், புள்ளியும் எடுக்கிறார்கள். அதே பிள்ளையிடம் ஒரு வெறும் டெஸ்க்டொப்பைக் கொடுத்து வின்டோஸ் போடச் சொன்னால் கை நடுங்குகிறது. மனப்பாடத்துக்குப் புள்ளி கொடுத்துவிட்டு, கைவேலையை "உடைத்து விடுவாய், தொடாதே" என்று தடுத்தவர்கள் நாம்தானே?

இனி மெஷின் அன்பளிப்புச் செய்வோர் அதன் மொடல் இலக்கத்தையும் டிரைவர்கள் அடங்கிய ஒரு பென்டிரைவையும் சேர்த்தே தரட்டும். பாடசாலை அதை அலுமாரியில் பூட்டாமல் கணினி அறையில் வைக்கட்டும். மூலையில் மூடிக் கிடக்கும் மெஷின்களில் ஒன்றை இந்தத் தவணையிலேயே பிள்ளைகளின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வோம்.