மைக்கா பங்கும் நம் பிள்ளைகளின் கணக்கும்

 

“நல்ல நிறுவனத்தின் பங்கை வாங்குங்கள். விற்காமல் வைத்திருங்கள். முப்பது ஆண்டுகளில் நீங்கள் செல்வந்தர்!” புலனத்தில் நாள்தோறும் வலம்வரும் அறிவுரை இது. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது பப்ளிக் வங்கி. 1966இல் தொடங்கப்பட்ட அவ்வங்கி 1967இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்பொழுது 1,000 பங்குகளை வாங்கி, பின்னர் வெளியிடப்பட்ட உரிமைப் பங்குகளையும் பணம் செலுத்திப் பெற்று, எதையும் விற்காமல் காத்திருந்தவரின் செல்வம் பத்து இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டியது. இஃது உண்மைதான்.

ஆனால், இது பாதி உண்மை. மறுபாதியை அறிந்துகொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அது நம் சமூகத்திடமே இருக்கிறது. அதன் பெயர் மைக்கா ஹோல்டிங்ஸ்.

இன்றைய இளம் பெற்றோர் பலருக்கு இப்பெயர் புதிதாக இருக்கலாம். புதிய பொருளாதாரக் கொள்கை நடப்பிலிருந்த காலத்தில், நாட்டின் நிறுவனப் பங்குடைமையில் இந்தியர்களின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றது. அதை உயர்த்துவோம் என்ற முழக்கத்தோடு 1982இல் ம.இ.கா.வின் முயற்சியால் மைக்கா தோற்றுவிக்கப்பட்டது. ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் திரண்டது. பங்கு வாங்கியவர்களுள் பெரும்பாலோர் தோட்டப் பாட்டாளிகளும் சிறு சம்பளக்காரர்களும் ஆவர். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு.

அவர்கள் ஏன் அப்படி நம்பினார்கள்? அவர்கள் கண்முன் ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது என்பதே என் கருத்து. 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். துண்டாடப்பட்டுக் கொண்டிருந்த தோட்டங்களை அச்சங்கம் தொழிலாளர்களின் பெயரால் வாங்கியது. பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்லும் பெருஞ்சாலைக்கு இன்று அவர் பெயர்தான். ஒருமுறை நம்பிப் பயன்கண்ட மக்கள், மறுமுறையும் நம்பினார்கள். அதில் என்ன தவறு?

இனி, மைக்காவின் கதைக்கு வருவோம். 1990இல் டெலிகாம் மலேசியா தனியார்மயமானபோது, இந்தியச் சமூகத்துக்கென நிதியமைச்சு 10 மில்லியன் பங்குகளை ஒதுக்கியது. அவற்றுள் மைக்காவின் கைக்கு வந்தது 1 மில்லியன் மட்டுமே. எஞ்சிய 9 மில்லியன் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குச் சென்றன. 1992இல் இச்செய்தி வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. வழக்கு ஏதும் தொடுக்கப்படவில்லை. ஆண்டுகள் உருண்டோடின. இறுதியில், 2010ஆம் ஆண்டு ஜூலையில், மைக்கா பங்குகளை ஒரு தனியார் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொள்ளும் என்ற அறிவிப்பு வந்தது. 

ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கிய பங்கு. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருப்பு. கையில் 80 சென்!

நாம் ஆசிரியர்கள். ஆகவே, கணக்குப் போட்டே பார்ப்போம். ஊழியர் சேமநிதி வாரியம் 1980களின் நடுவில் ஆண்டுக்கு 8.5 விழுக்காடு இலாப ஈவு வழங்கியது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்து 2002இல் 4.25 விழுக்காட்டைத் தொட்டது. அந்த விகிதங்களின்படி, 1984 தொடக்கத்தில் அங்கிருந்த 1,000 ரிங்கிட், 2009 முடிவில் 5,000 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். அதே 1,000 ரிங்கிட் மைக்காவில் 800 ஆனது. மைக்கா இடையில் வழங்கிய ஈவை இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் அந்த இடைவெளி நிரம்பாது. அன்றைய பாட்டாளி தம் கைப்பணத்தை விரும்பியவாறு சேமநிதியில் போட்டிருக்க முடியாது என்பதும் உண்மை. எனினும், காலம் மட்டும் பணத்தை வளர்த்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்பீடு வேண்டுமா?

“மைக்காவைக் கெடுத்தது அரசியல், பங்கு முதலீடு அன்று” என்று சிலர் சொல்வர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒரே நிறுவனத்தை நம்புவதன் இடர் அதுதானே! நிருவாகம் கெடலாம், அரசியல் நுழையலாம், தொழிலே நலியலாம். எது வரும் என்று முன்கூட்டி அறிவார் யார்? 1985இல் பங்குச் சந்தைக்கு வந்த மலேசிய விமான நிறுவனத்துக்கு நாட்டின் பெயரே இருந்தது. 2014இல் பங்கு ஒன்றுக்கு 27 சென் கொடுத்துக் கசானா அதை வாங்கி, சந்தையிலிருந்து விலக்கியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1926 முதல் 2016 வரை அங்குச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 26,000 நிறுவனப் பங்குகளைப் பேராசிரியர் பெசம்பைண்டர் ஆராய்ந்தார். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம் தந்த ஆதாயத்தைக்கூடத் தரவில்லை. சந்தை ஈட்டிய நிகரச் செல்வம் முழுவதும் நூற்றுக்கு நான்கு நிறுவனங்களிலிருந்தே வந்தது. நமக்குச் சொல்லப்படும் வெற்றிக் கதைகள் எல்லாம் அந்த நான்கின் கதைகள்! மற்ற தொண்ணூற்றாறின் கதையைப் புலனத்தில் யாரும் பகிர்வதில்லை.

மைக்காவில் இன்னொரு கொடுமையும் இருந்தது. அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. பப்ளிக் வங்கிப் பங்கை வைத்திருந்தவர், விற்க முடிந்தும் விற்காமல் இருந்தார், அது பொறுமை. மைக்கா பங்கை வைத்திருந்தவருக்கோ விற்பதற்குச் சந்தையே இல்லை, அது சிறை. இரண்டையும் ‘நீண்டகால முதலீடு’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது நியாயமா?

இதனால் நேர்ந்த இரண்டாவது இழப்பே என்னை இப்பதிவை எழுதத் தூண்டியது. “பங்கா? வேண்டவே வேண்டாம்!” என்று ஒதுங்கிய குடும்பங்கள் கிள்ளானிலும் காப்பாரிலும் எத்தனை! அந்த அச்சம் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் அச்சம். மறுபக்கம், விரைவில் இரட்டிப்பாகும் என்று ஆசைகாட்டும் திட்டங்களில் விழும் அவலம். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை நாம்தாமே காட்ட வேண்டும்?

கணிதப் பாடத்தில் இலாபம், நட்டம், வட்டி, இலாப ஈவு ஆகியவற்றைச் சொல்லித் தருகிறோம். அத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கற்பிக்கலாம் என்பது என் பரிந்துரை:

1. இதை நான் விரும்பும்போது விற்க முடியுமா?
2. ஆண்டுதோறும் கணக்கு வருகிறதா? அதைப் படித்துக் கேள்வி கேட்க எனக்கு உரிமை உண்டா?
3. இந்த ஒன்று மூழ்கினால் என் குடும்பமும் மூழ்குமா?

மூன்றாம் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால், அந்நிறுவனம் எவ்வளவு புகழ்பெற்றதாயினும் விலகி நிற்பதே அறிவுடைமை. பல நிறுவனங்களில் பரவி நிற்கும் நிதித் திட்டங்கள் உள்ளன. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அமானா சஹாம் மலேசியா எல்லா இனத்தாருக்கும் உரியது. ஊழியர் சேமநிதியில் விருப்பச் சந்தா செலுத்தவும் இன்று வழியுண்டு. இவற்றில் ஒரே இரவில் செல்வம் குவியாது. ஆனால், ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி குடும்பத்தையே வீழ்த்திவிடாது.

அந்த 66,000 பேரும் சோம்பேறிகள் அல்லர்; பேராசைக்காரர்களும் அல்லர். சமூகம் உயரட்டும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள். அவர்களிடம் பொறுமைக்குக் குறைவில்லை. கணக்குக் கேட்கும் வழக்கத்தை மட்டும் யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காவது நாம் கற்றுத்தருவோமா?

சிந்திப்போம், செயல்படுவோம்!